இடைவெளி விட்டு நான் வைத்த பெயர்கள்

ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோனதற்கு நான் காரணம். அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செய்த காரியத்தைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கம்ப்யூட்டரில் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டேன். விடவேண்டாம் என்று ஒருவர் சொன்னார். அவர் எங்கள் அலுவலகத்து எழுத்தர், என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். அவர் சொல்லி நான் கேட்பதா என்று இருந்துவிட்டேன். அந்தப் பெண் அவருடைய மகள்.

எங்கள் பள்ளி ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் இருக்கிறது. மிஷன் பள்ளி. விடுதியும் உண்டு. ஆங்கில ஆசிரியராக முப்பத்துநான்கு வருடம் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தாளாளராக இருந்த பாதிரியாரிடம் நானே போய்க் கேட்டு ஒரு பொறுப்பை வாங்கிக்கொண்டேன். பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. சம்பளம் வேண்டாம் என்றேன். அதனால் என்னை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

பதிவேடு என்றால் பெரும்பாலும் அட்மிஷன் ரிஜிஸ்டர்கள். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தகப்பன் பார்க்கும் வேலை, எந்த ஊர், என்ன சாதி, கடைசிக் கட்டத்தில் தகப்பனின் கையெழுத்து. கையெழுத்துத் தெரியாதவர்கள் வைத்த கைநாட்டு பாதிப் பக்கங்களில் இருக்கும். பையன்களுக்குத் தனி ரிஜிஸ்டர், பெண்பிள்ளைகளுக்குத் தனி. சிலோனிலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் மரம் வெட்டவும் தோட்ட வேலைக்கும் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் பேர் எங்கள் பள்ளியில்தான் சேர்ந்தார்கள். அவர்களில் பலருக்கு இந்தியாவில் முதன்முதலாகப் பெயர் எழுதப்பட்ட காகிதம் அந்த ரிஜிஸ்டர்தான்.

கொடைக்கானலில் காகிதத்தைக் காப்பாற்றுவது எளிதல்ல. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டுப் போகும் ஊர் இது. எந்த வீட்டிலும் துணி அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில்தான் துணியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். எங்கள் ரிஜிஸ்டர் அலமாரியிலும் அப்படி ஒரு பல்பு வருடக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் மிச்சமாகும் என்று யாரோ அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைப் போட்டார்கள். வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. அந்த ஐப்பசி மழை முடிந்து அலமாரியைத் திறந்தபோது ரிஜிஸ்டர்களின் முதுகெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

இனி வைத்திருக்க முடியாது, கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று தாளாளர் முடிவு செய்தார். பழனியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து ஸ்கேனர் வைத்துக் கொடுத்தார். கூடவே செங்கல் அளவுக்கு ஒரு சேமிப்புப் பெட்டி. எங்கள் கம்ப்யூட்டர் பழையது, அதிகம் கொள்ளாது. அதனால் அவரே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தார். நாங்கள் பகல் முழுக்க ஸ்கேன் செய்து பக்கம் பக்கமாகப் பெயர் போட்டு வைக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த புரோகிராம் தானாக ஓடி, அன்றைய பக்கங்களைப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடும். மறுநாள் காலியான இடத்தில் மறுபடி தொடங்கலாம்.

அவர் வந்த அன்று எனக்குக் காய்ச்சல். எழுத்தர் பெண்தான் கூட இருந்து எல்லாவற்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலோன் குடும்பத்துப் பெண். பேச்சில் அது அங்கங்கே எட்டிப் பார்க்கும். ரசீதைத் துண்டு என்பார். வீட்டை லயம் என்று சொல்லிவிட்டு உடனே வீடு என்று திருத்திக்கொள்வார். பி.காம். படித்தவர். தற்காலிக வேலை. கணவர் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், மாரடைப்பில் இறந்துவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

நான் காய்ச்சல் தெளிந்து வந்ததும் அவர் நோட்டைப் பார்த்துப் பார்த்து விளக்கினார். கடைசியாக, பெயரில் எங்கேயும் கேப் விடக்கூடாதாம் சார், சொல்லுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர் போடணுமாம் என்றார். போட்டும் காட்டினார். சொற்களுக்கு நடுவே தரையோடு ஒரு சின்னக் கோடு.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுதச் சொல்லிக் கொடுத்தவன். ஒரு சொல் எழுதியதும் இடதுகை ஆள்காட்டி விரலை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும், விரலுக்கு அந்தப் பக்கம் அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் வழிவழியாக வந்த முறை. விரல் வைக்காமல் ஒட்டி எழுதிய பிள்ளையின் அதே விரலில் ஸ்கேலால் தட்டியிருக்கிறேன். சொற்களுக்கு நடுவே வெள்ளையாக இடம் விடுவதுதான் படித்தவன் அடையாளம் என்று ஆயுசு முழுக்கச் சொல்லி வந்தவனிடம், அந்த இடத்தில் கோடு இழு என்றால் எப்படி இருக்கும். அதுவும் ஒரு கடைக்காரர் சொன்னார் என்று.

"கேப் விட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"மெஷின் பேரைப் பாதியிலயே படிச்சு நிப்பாட்டிரும்னாரு சார்."

"அதுக்குப் படிக்கத் தெரியலைன்னா நாமளா எழுத்தை மாத்திக்கணும்? நல்லா இருக்கும்மா கதை."

பக்கத்தில் இருந்த நூலகர் சிரித்தார். எழுத்தரும் சிரிக்க முயன்றார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

வேலையை எங்களுக்குள்ளேயே பிரித்துக்கொண்டோம். பையன்கள் ரிஜிஸ்டர் எனக்கு, பெண்பிள்ளைகள் ரிஜிஸ்டர் அவருக்கு. நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்மிஷன் என்று தொடங்கி, இடம் விட்டு ரிஜிஸ்டர், இடம் விட்டு பாய்ஸ், இடம் விட்டு எண்கள் என்று முழுமையாகப் பெயர் வைத்தேன். பெரிய எழுத்து வரவேண்டிய இடத்தில் பெரிய எழுத்து. படிக்க அழகாக இருந்தது. அவர் என் முன்னால் சரி என்றாரே தவிர, தன் பக்கங்களுக்கு அண்டர்ஸ்கோர் போட்டுத்தான் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். கூப்பிட்டுக் கேட்டேன். கடைசியில் மொத்தமாக மாற்றிவிடுகிறேன் சார் என்றார். மாற்றவே இல்லை. பயந்த பெண் என்று நினைத்திருந்தவர் இந்த ஒரு விஷயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

ஒரு நாள் ஒரு பக்கத்தை ஸ்கேனரில் வைக்கப் போகும்போது அவருடைய கணவரின் பெயர் கண்ணில் பட்டது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வரி. தகப்பன் தொழில் மரம் வெட்டும் கூலி என்று இருந்தது. சாதிக் கட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஓரத்தில் ஊதா மையில் பெரிய கைநாட்டு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முதலில் கைநாட்டைத்தான் பார்த்தார். மாமனார் கட்டைவிரலில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டாம், கைநாட்டில் அது குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது என்று காட்டினார்.

பிறகு மெதுவாக ஒன்று கேட்டார். இந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாமா என்று. கப்பலில் வந்தபோது கொடுத்த குடும்பக் கார்டு ஒழுகலில் நைந்து போய்விட்டது, பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று எடுக்கப் போனால் தகப்பன் வழிப் பழைய ஆதாரம் கேட்கிறார்கள், வேறு ஒன்றும் இல்லை, பெரியவள் நர்ஸிங் படிக்கணும் என்கிறாள், அப்போது இது வேண்டியிருக்கும் என்றார்.

விண்ணப்பம் எழுதித் தாளாளர் கையெழுத்து வாங்காமல் நகல் கொடுக்கக்கூடாது என்பது பள்ளி விதி. அன்று தாளாளர் திண்டுக்கல் போயிருந்தார். நான் விதியைச் சொன்னேன். விதியைச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இப்ப எதுக்கும்மா அவசரம்? கம்ப்யூட்டர்ல பத்திரமா கெடக்கும். பிள்ளை பிளஸ் டூ முடிக்கட்டும், அன்னைக்கு ஒரு நிமிஷத்துல எடுத்துத் தர்றேன்."

அவருடைய கைபேசியில் நல்ல படம் எடுக்க முடியாது. நானே என் போனில் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதத்தில் ஸ்கேன் வேலை முடிந்தது. தாளாளர் சரிபார்க்கச் சொன்னார். கம்ப்யூட்டர் திரையில் பெட்டியைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். அவருடைய பக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கோடு கோடாக, திரை முழுக்க இறங்கிக்கொண்டே போயின. என்னுடையது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அட்மிஷன் என்ற ஒரு பெயர்.

அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அலுவலகத்தில் ஒரே இனத்துக் காகிதங்களைச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி மேலே ஒரு பெயர் எழுதி வைப்பதுதான் வழக்கம். முறையாகப் பெயர் வைத்த என் பக்கங்களை மெஷின் அப்படிக் கட்டி வைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

"பாத்தியாம்மா, என்னுது ஒரே கட்டா அடங்கியிருக்கு. உன்னுதுதான் சிதறிக் கெடக்கு" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "தொறந்து பாத்தீங்களா சார்?"

"கட்டுனவனுக்குத் தெரியாதா உள்ள என்ன இருக்குன்னு?"

உண்மையில் கட்டியவன் நானல்ல. கட்டே இல்லை. அந்த புரோகிராம் பெயரை முதல் இடைவெளி வரைக்கும்தான் படித்தது. என் பக்கம் ஒவ்வொன்றும் அட்மிஷன் என்ற பெயரில் போய், அதற்கு முன்னால் போன பக்கத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. மூன்று மாதம் தினமும் சாயங்காலம் அது நடந்தது. ஒரு தடவை அந்தப் பெயரைத் தட்டித் திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ரிஜிஸ்டர்கள் அப்போதும் அலமாரியில் இருந்தன. மறுபடி ஸ்கேன் செய்திருக்கலாம்.

எல்லாம் ஏற்றியாயிற்று, சரிபார்த்தேன், பழைய ரிஜிஸ்டர்களை அகற்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விடுதியில் குளிக்க வெந்நீர் போடும் பாய்லருக்கு அவற்றைக் கொண்டுபோனார்கள். ஈரக் காகிதம் நன்றாக எரியவில்லை, புகைதான் ஜாஸ்தி என்று பாய்லர்காரர் வந்து என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண். மதுரையில் அரசு நர்ஸிங் படிப்புக்கு, சாதிச் சான்று இருந்தால் நிச்சயம் இடம் கிடைக்கும் என்று அவளுடைய ஆசிரியைகள் சொன்னார்கள். சான்று இல்லாவிட்டால் பொதுப் பிரிவில் போட்டி போட வேண்டும், அதற்கு அந்த மதிப்பெண் போதாது. எழுத்தர் விதிப்படி விண்ணப்பம் எழுதி, தாளாளர் கையெழுத்து வாங்கி, என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். நான் அவரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். கொடுத்த வாக்கை நிறைவேற்றும் பெருமையோடு அட்மிஷனைத் தட்டினேன்.

ஒரே ஒரு பக்கம் திறந்தது. கடைசி ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கம். பாதிக்கு மேல் வெறும் கட்டங்கள்.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே பக்கம். மறுபடியும். நான் நாலாவது தடவை தட்டப்போனபோது அவர், விடுங்க சார், அவ்வளவுதான் என்றார். என்ன நடந்திருக்கும் என்பது எனக்குப் புரிவதற்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

பழனிக்குப் போன் போட்டோம். கடைக்காரர் மறுநாள் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். மேலே மேலே எழுதினதை எடுக்க முடியாது சார் என்றார். கிளம்பும்போது அவரும் அந்த எழுத்தரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாளாளர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். கோபக்காரர் இல்லை. ஆனாலும் எத்தனையோ குடும்பங்களின் ஆதாரம் போய்விட்டதே என்று அவர் முகம் கறுத்திருந்தது. யார் சார் இந்தப் பேரெல்லாம் போட்டது என்று என்னிடம் கேட்டார்.

நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது, என் முப்பத்துநான்கு வருடமும் ஒரு பெட்டிக்குள் ஒற்றைப் பக்கமாகச் சுருங்கிவிடும் என்பதுதான்.

"பேர் போடுற வேலை ஆபீஸ்லதான் நடந்தது ஃபாதர்" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாத பொய். நானும் அந்த ஆபீஸில்தான் உட்கார்ந்திருந்தேன். தாளாளர் எழுத்தர் பக்கம் திரும்பினார். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்றால் அந்த அறையில் அவர்தான்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு முந்தின நாளே தாலுகா ஆபீஸில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். ரிஜிஸ்டர் அழிந்துவிட்டது என்றால், அது எப்படி அழிந்தது என்று பள்ளியிலிருந்து எழுதித் தரவேண்டும், அந்த வரியைக் கண்ணால் பார்த்த பொறுப்பான ஆள் ஒருவர் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அதை வைத்து விசாரித்துச் சான்று தரலாம். பார்த்த பொறுப்பான ஆள் நான் ஒருவன்தான். என்னை எதிர்த்துப் பேசினால் நான் எழுதித் தரமாட்டேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"ஆமாங்க ஃபாதர். தப்பு ஆபீஸ்லதான்" என்றார்.

மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள். பெண்பிள்ளைகள் ரிஜிஸ்டர் முழுக்க ஒரு பக்கம் குறையாமல் அந்தப் பெட்டியில் இருந்தது. அவர் பெயர் வைத்த பக்கங்கள். அதை ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நிற்கும் முன் என் மேசைக்கு வந்து, நீங்க எழுதித் தந்தால் போதும் சார் என்றார். தருகிறேன் என்றேன். வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன். இன்ன மாணவரின் சேர்க்கை வரியை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த வரி எப்படிப் பார்த்தேன் என்று வரவேண்டும். அதை நான்தான் ஸ்கேன் செய்தேன் என்று வரவேண்டும். அப்படியானால் பெயர் வைத்தது யார் என்று தாளாளர் கேட்பார். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து, மேற்படி பதிவேடு பள்ளியில் தற்போது கிடைக்கவில்லை என்று மட்டும் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் தட்டச்சு செய்து கொடுத்தேன். எல்லாச் சொல்லும் உண்மை.

அவர் அங்கேயே நின்று படித்தார். ரெண்டே வரி.

"பாத்தேன்னு இல்லையே சார்."

இதுவே போதும், அவர்கள் கேட்டால் நான் வாயால் சொல்கிறேன் என்றேன். அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தாலுகா ஆபீஸில் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, கிடைக்கவில்லை என்றால் எங்களுக்கும் கிடைக்காதும்மா என்று சொன்னார்களாம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் போகவில்லை. கவுன்சலிங் நாள் வந்து போயிற்று.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன், தூங்கினேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். குற்ற உணர்ச்சி தூங்க விடாது என்று படித்திருக்கிறேன். என்னைத் தூங்க விட்டது. அவர் கவுஞ்சிப் பக்கம் பூண்டு பிரிக்கும் வேலைக்குப் போகிறார் என்று நூலகர் ஒரு நாள் சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

போன சித்திரையில் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு ஏரிப் பக்கத்து ஓட்டலுக்குப் போயிருந்தேன். படியேறி மூச்சு வாங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சீருடை போட்ட பெண் ஒருத்தி கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா ஆபீஸ்ல இருந்த சார்தானே நீங்க என்றாள். என்னம்மா செய்யுறே என்று கேட்டேன். அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் ஒரு வருடமாக இருப்பதாகச் சொன்னாள். பிறகு, அம்மா உங்களைப் பத்தி நல்லாத்தான் சொல்லும் சார், மழையில ரிஜிஸ்டர் எல்லாம் அழுகிப் போச்சாமே, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க என்றாள்.

மழை. அவர் மகளிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்தார். என் தப்பையும் சொல்லவில்லை, தன்மேல் விழுந்த பழியையும் சொல்லவில்லை.

வரவேற்பில் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மறுநாள் வெள்ளனே எழுந்து உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தை நான் பார்த்தது, ஸ்கேன் செய்தது, பெயர் வைத்தது, எச்சரிக்கையைக் கேட்காதது, சரிபார்க்காமல் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டது, தாளாளரிடம் சொன்னது. முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். ஒரு பிரதியைத் தாளாளரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தடவை படித்தார். அந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பிச்சது நானாச்சே சார் என்றார். என் அறைச் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அசல் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பூண்டு மூட்டை தைக்கும் கோணி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க சார் என்றார். பழைய குரலேதான். காகிதத்தைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். முடித்ததும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மன்னிச்சிரும்மா என்றேன்.

"இதை வாங்கிக்கிறேன் சார். சின்னவளுக்கு ஆகும், அவ இப்பத்தான் பத்தாவது" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "பெரியவகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க. ஒரு வருஷமா மழை மழைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். அவ பேசுறப்பல்லாம் எனக்கு வாய் கசக்குது. இனிமே என்னால அதைச் சொல்ல ஏலாது."

சமாதானமாகப் பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திட்டியிருந்தாலும்கூட. காப்பி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அந்த மாதமே ஓட்டலுக்குப் போனேன். மதியம் அறைகள் காலியாகும் நேரம். பின்கட்டில் போர்வைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர், பெயர், பாய்லர், அவள் அம்மா என் பொருட்டுத் தலையில் ஏற்றிக்கொண்ட பழி, நான் கொடுத்த இரண்டு வரிக் காகிதம். அவள் போர்வை மடிப்பதை நிறுத்தவில்லை. பாதியில் ஒரு தடவை மட்டும் எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினாள்.

நான் முடித்ததும் கேட்டாள். "அன்னைக்கே நீங்க பாத்தேன்னு எழுதியிருந்தா சான்று குடுத்திருப்பாங்களா சார்?"

தெரியாது என்று சொல்லலாம். தாலுகா ஆபீஸைப் பற்றி யாருக்குத்தான் உறுதியாகத் தெரியும். ஆனால் அவள் அம்மா என் முத்திரைத்தாளைத் தாலுகா ஆபீஸில் கொடுத்த பிறகு வருவாய் ஆய்வாளர் என் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார். இது முன்னாலயே இருந்திருந்தா வெரசா முடிஞ்சிருக்குமே சார் என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார்.

"குடுத்திருப்பாங்க" என்றேன்.

அவள் கட்டை முடிச்சுப் போட்டாள். இந்த வருடமும் விண்ணப்பிக்கலாம், வயது இருக்கிறது, நான் விசாரித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என்னை யார் என்று புதிதாகத் தெரிந்துகொண்டது மட்டும் இருந்தது.

"படிச்சதெல்லாம் மறந்துபோச்சு சார். அம்மாவுக்கு இப்ப முதுகு முடியல. நான் போனா யாரு பாக்குறது." பிறகு, "மேல ரெண்டு ரூம் இருக்கு, நான் போகணும்" என்றாள்.

போர்வைக் கட்டைத் தூக்கிக்கொண்டு சேவைப் படிக்கட்டில் ஏறிப் போனாள். கட்டு பெரிதாக இருந்ததால் அவள் தலை தெரியவில்லை. கீழே நான் வழி மறித்து நின்றிருந்தேன் போலிருக்கிறது. தள்ளுவண்டியோடு வந்த இன்னொரு பெண், கொஞ்சம் தள்ளிக்கங்க ஐயா என்றாள். நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

ஆடி மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் சான்று வந்துவிட்டது என்று நூலகர் சொன்னார். பெரியவள் அதே ஓட்டலில்தான் இருக்கிறாள்.